திருச்சி – சிங்கப்பூர்: 2,980 கி.மீ. சரி, நான்கு மணி நேரம்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எந்தக் கணிப்பானிடம் கேட்டாலும் இரண்டு எண்கள் வரும். தூரம் சுமார் 2,980 கி.மீ. நேரம் சுமார் நான்கு மணி. ஒரு நொடியில் வந்து விழும் இந்த இரண்டு எண்களைப் பற்றிய விமரிசனம்தான் இந்தக் குறிப்பு. முதல் எண்ணுக்கு நல்ல மதிப்பெண் போடுவேன். இரண்டாவது எண்ணை ஃபெயில் ஆக்குவேன். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்த இரண்டாவது எண்ணை நம்பி நான் ஒரு காரியத்தைக் கெடுத்திருக்கிறேன், அதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் களமருதூர். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டைப் பக்கம். வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேராவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போயிருப்பார்கள். ஆகவே 'எவ்ளோ நேரம் ஆவும்?' என்ற கேள்வி இங்கே பொது அறிவுக் கேள்வி கிடையாது. சோறு வைப்பதா, வண்டி அனுப்புவதா என்று முடிவெடுக்கக் கேட்கிற கேள்வி.

முதல் எண்: தூரம்

இந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சம் 10.77 பாகை, கிழக்குத் தீர்க்கம் 78.71 பாகை. சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36, கிழக்கு 103.99. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு, இந்த இரண்டு புள்ளிகளையும் உருண்டையின் மேற்பரப்பில் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் கணக்கிடுகிறோம். இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். கப்பல் மாலுமிகள் இதைக் கணக்கிட ஹாவர்சைன் என்ற ஒரு சார்பைப் பயன்படுத்தினார்கள். ஜேம்ஸ் இன்மன் 1835இல் அந்தப் பெயரை வைத்தார். நம்ம காலத்தில் இது பத்து வரி நிரல். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே எழுதியிருக்கிறேன். எழுதி, எண் வந்ததும் பெரிய சாதனை பண்ணியது போல நண்பர்களுக்குக் காட்டியும் இருக்கிறேன்.

பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் இந்தக் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீத அளவுக்குப் பிழை வரலாம். நம் கேள்விக்கு அது பொருட்டே இல்லை. ஆக 2,980 என்பது நேர்மையான எண். கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தருகிறார்கள், யார் போட்டாலும் அதே விடை வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'நாங்கள் தட்டையான வரைபடத்தில் அளப்பதில்லை, பெருவட்டத்தில் அளக்கிறோம்' என்று இந்தக் கணிப்பான்கள் பெருமையாகச் சொல்லும். டெல்லி – சான்பிரான்சிஸ்கோ மாதிரி வடக்கே தள்ளிப் போகும் தடங்களில் அது பெரிய விஷயம்தான். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஏமாந்துவிடுவோம். ஆனால் திருச்சி – சிங்கப்பூர் நடுக்கோட்டை ஒட்டிய பயணம். சந்தேகத்துக்கு இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தேன். திசை மாறாமல் ஒரே கோணத்தில் போனால் வரும் தூரத்துக்கும் பெருவட்டத் தூரத்துக்கும் வித்தியாசம் ஒரு கிலோமீட்டர் கூட வரவில்லை. நமக்குப் பயன்படாத இடத்தில்தான் அந்தக் கணிப்பானின் புத்திசாலித்தனம் எல்லாம் செலவாகியிருக்கிறது.

அந்தக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து கிழக்கே வந்து கோடியக்கரைப் பக்கம் கடலைத் தொடும். யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஒதுங்கி, வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, சுமத்ராவின் வட பகுதியைத் தாண்டி, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேரும். விமானம் இந்தக் கோட்டின் மேலேயேவா போகும்? இல்லை. வானத்தில் பெயரிடப்பட்ட புள்ளிகள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் தடங்கள் இருக்கின்றன. ஒரு நாட்டின் கட்டுப்பாட்டு வான்பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் குறிப்பிட்ட இடத்தில்தான் கை மாற்றுவார்கள். இறங்கும்போது காற்றடிக்கும் திசையைப் பார்த்து ஓடுதளத்தின் எந்த முனை என்று தீர்மானித்துச் சுற்றி வரவேண்டும். மழை மேகம் கட்டியிருந்தால் ஒதுங்கிப் போக வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை வெள்ளிமலைக்குப் போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காக்கை பறக்கும் தூரம் வேறு, பஸ் போகும் தூரம் வேறு. வானத்தில் அந்த வித்தியாசம் மலைப்பாதை அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சென்னை கிட்டவா, திருச்சி கிட்டவா?

தூரம் சரியான எண்ணாகவே இருந்தாலும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு எங்கள் ஊரே உதாரணம். சென்னை – சிங்கப்பூர் பெருவட்டத் தூரம் சுமார் 2,925 கி.மீ. அதாவது திருச்சியைவிடச் சென்னைதான் சிங்கப்பூருக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கிட்ட. எண்ணை மட்டும் பார்த்தால் சென்னையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் மணிக்கு 830 கி.மீ. போகும் விமானத்துக்கு அந்த வித்தியாசம் நான்கு நிமிஷம். களமருதூரிலிருந்து சாலையில் திருச்சி விமான நிலையம் சுமார் 140 கி.மீ., சென்னை விமான நிலையம் 190க்கு மேல். அந்த ஐம்பது கிலோமீட்டரும் செங்கல்பட்டு, தாம்பரம் நெரிசலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். நான்கு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரத்தைக் கொடுப்பதா? எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஹாவர்சைன் படிக்கவில்லை, ஆனாலும் எல்லாரும் திருச்சிக்குத்தான் போகிறார்கள்.

இதில் இன்னொரு விஷயம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. ஊருக்கு அத்தனை பக்கத்தில் விமானம் இறங்க இடம் இருந்தும், வழக்கமான பயணிகள் சேவை எதுவும் அங்கே கிடையாது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் இருந்தால் போதாது, அவற்றுக்கு இடையே ஒரு சேவையும் இருக்க வேண்டும். தூரக் கணிப்பானுக்கு இந்த விஷயம் தெரியாது. உளுந்தூர்பேட்டையிலிருந்து சாங்கிக்கு எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் ஒரு எண்ணைக் கொடுத்து, மூன்று மணி ஐம்பது நிமிஷம் என்றோ என்னவோ நேரமும் போட்டுத் தரும்.

இரண்டாவது எண்: நேரம்

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். நேரம் என்று காட்டும் எண் எதையும் அளந்து வந்ததில்லை. பெரும்பாலும் அது தூரத்தை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு மாறா எண்ணால் வகுத்தது. 2,980ஐ 800ஆல் வகுத்தால் மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிஷம். சிலர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று அரை மணி சேர்ப்பார்கள், நான்கேகால் ஆகும். சிலர் சேர்க்க மாட்டார்கள். முதல் எண்ணைத் தந்த அதே நம்பிக்கையோடு, அதே எழுத்தளவில், அதன் பக்கத்திலேயே இதையும் போடுகிறார்கள். என் புகார் இதுதான். அளந்த எண்ணும் ஊகித்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், அளந்த எண்ணின் மரியாதை ஊகித்த எண்ணுக்கும் கிடைத்துவிடுகிறது.

திருச்சி – சிங்கப்பூர் தடத்தில் அட்டவணை நேரமும் நான்கு மணிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கணக்கு சரிதானே என்று கேட்கலாம். தற்செயலாகச் சரி. நடுத்தரத் தூரம், நடுத்தர ஜெட் விமானம் என்பதால் ஒத்துப்போகிறது. அதே சூத்திரத்தைச் சென்னை – யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் சுமார் 355 கி.மீ. சூத்திரப்படி 27 நிமிஷம், அரை மணி சேர்த்தால் 57 நிமிஷம். ஆனால் 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் அந்தத் தடத்தில் விட்டது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். அது மணிக்கு 500 கி.மீ. வாக்கில்தான் போகும். பறக்கிற நேரமே முக்கால் மணி ஆகிவிடும், மற்றதெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். எந்த விமானம் என்று தெரியாமல் நேரம் சொல்வது, டவுன் பஸ்ஸா புல்லட்டா என்று கேட்காமல் உளுந்தூர்பேட்டைக்கு எத்தனை நிமிஷம் என்று சொல்வது மாதிரி.

அடுத்தது காற்று. கிழக்கே போகும்போது வேகம், மேற்கே திரும்பும்போது தாமதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வட அட்சங்களில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் மேல்காற்று ஓடையால் அது உண்மை. ஆனால் தென்னிந்தியாவின் மேல் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஓடை பலமாக ஓடுகிறது. இந்திய வானிலையியலாளர் பி. கோடேஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இத்துறையில் அடிப்படை. ஓடையின் மையம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ஆனாலும் அதன் கீழ்ப்பகுதி விமானத்தைத் தொடும். அதாவது ஆடி மாதம் சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்க்காற்று, ஊர் திரும்புகிறவருக்குத் தள்ளுகாற்று. பேச்சுக்கு மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது மணிக்கு 770, வரும்போது 890. இரண்டுக்கும் வித்தியாசம் அரை மணி நேரம். போக வர ஒரே நேரம் என்று காட்டும் எண்ணில் மாதமும் கிடையாது, திசையும் கிடையாது.

விமான நிறுவனங்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுகின்றன? அவர்களுடைய அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த நிமிஷத்திலிருந்து, அந்தப் பக்கம் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும் நிமிஷம் வரை. அதில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், இறங்க இடம் கேட்டு வட்டமிடுவதும் அடக்கம். தாமதமாகிவிட்டது என்ற கெட்ட பெயர் வரக்கூடாது என்று கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்வார்கள். 'பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டான்' என்று நாம் சந்தோஷப்படுவது இதனால்தான்.

சட்டமும் இந்த இரண்டு எண்களில் எதை நம்புவது என்று ஒத்துப்போகவில்லை என்பது எனக்குச் சுவாரசியமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் விதி, விமானம் ரத்தானால் தர வேண்டிய இழப்பீட்டைத் தூரத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று எல்லை போட்டு 250, 400, 600 யூரோ. தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியோ அட்டவணை நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. அவர்கள் மாறாத எண்ணை நம்புகிறார்கள், நாம் விமான நிறுவனம் தானே எழுதிக்கொள்ளும் எண்ணை நம்புகிறோம். எது சரி என்று வாதாடலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று இரண்டு சட்டங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கடிகாரம் செய்யும் குழப்பம்

இதற்கு மேல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு ஒரு மணிக்குத் திருச்சியில் ஏறுகிறவர் நான்கேகால் மணி நேரம் பறந்து, அங்கே காலை 7:45க்கு இறங்குவார். ஆறே முக்கால் மணி நேரம் ஆனது போலத் தெரியும். திரும்பும்போது அங்கே இரவு ஒன்பதுக்கு ஏறினால் இங்கே இரவு 10:45. 'ஒன்னே முக்கால் மணி நேரத்துல வந்துட்டானே!' என்று எங்கள் தெருப் பாட்டி ஆச்சரியப்பட்டது இதைத்தான். பாட்டியைச் சிரிக்கக்கூடாது. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்தால் யாருக்கும் அந்த விடைதான் வரும்.

இந்த இரண்டரை மணி கூட இயற்கை கொடுத்ததில்லை. 1982 ஜனவரி 1 வரை சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் தீபகற்பத்தின் கடிகாரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியபோது, சிங்கப்பூரும் கூடவே அரை மணி தள்ளி வைத்துக்கொண்டது. இலங்கை 1996இல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கே வந்தது. அந்தப் பத்து வருஷமும் சென்னை – கொழும்பு தூரம் அப்படியேதான் இருந்தது. டிக்கெட்டில் மட்டும் பயணம் போகும்போது நீண்டு, வரும்போது சுருங்கியது.

தூரம் மாறாது, நேரம் மாறும்

யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் இந்த வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு போர் வந்தது. பல வருஷம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே சுமார் 400 கி.மீ. திரும்பிப் போக வேண்டும். சாலை மூடியிருந்த காலத்தில் அதுவும் முடியாது. 2019 அக்டோபரில் பலாலி நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் இறங்கியது. இத்தனை காலமும் 355 கி.மீ. என்ற எண் ஒரு அங்குலம் அசையவில்லை. நேரம் ஒரு மணியாகவும் இருந்திருக்கிறது, ஒரு நாளாகவும் இருந்திருக்கிறது, போகவே முடியாததாகவும் இருந்திருக்கிறது.

இது பழைய கதை மட்டும் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பகுதியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து தாஷ்கண்ட், அல்மாட்டி போகும் சேவைகளையே இண்டிகோ நிறுத்த வேண்டி வந்தது. சுற்றிப் போனால் அந்த விமானத்தால் எட்ட முடியாது. டெல்லி – தாஷ்கண்ட் பெருவட்டத் தூரம் மட்டும் அன்றைக்கும் அப்படியே இருந்தது.

எங்கள் தாத்தா காலத்துக்காரர்கள் 'சிங்கப்பூர் எட்டு நாள்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1926இல் கட்டிய ரஜூலா, அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் என்று கப்பல்கள் போன காலம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. அவர்கள் யாரும் தூரத்தை மைல் கணக்கில் சொன்னதில்லை, நாள் கணக்கில்தான் சொன்னார்கள். அந்த நாள் கணக்கில் புறப்படக் காத்திருந்ததும் அடக்கம், துறைமுகத்தில் நின்றதும் அடக்கம். ஒரு விதத்தில் அது நம்முடைய நான்கு மணி நேரத்தைவிட நேர்மையான எண்.

நான் சொன்ன நான்கு மணி நேரம்

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. லீவில் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா விடிகாலை ஐந்தரைக்கு இறந்துபோனார். மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்து எப்போது எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு சித்தப்பா, 'தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன். அங்கேருந்து வர எவ்ளோ நேரம்பா ஆவும்?' என்றார்.

நான் போனில் பார்த்தேன். நான்கு மணி நேரம் என்று இருந்தது. விமான நிலையத்துக்கு, சாலைக்கு என்று நானாகக் கொஞ்சம் சேர்த்து, 'சாயந்தரம் நாலு மணிக்குள்ள வந்துடுவாருங்க' என்றேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அதுவரைக்கும் தாங்கும், ஐஸ் பெட்டி வேண்டாம் என்று முடிவாயிற்று.

நடந்தது இது. செய்தி சொல்ல ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டபோது அவர் வேலைக்குப் போய்விட்டார். போன் பையில் இருந்தது. அங்கே பத்து மணி டீக்கு வந்தபோதுதான் பார்த்தார், இங்கே ஏழரை. சூப்பர்வைசரிடம் சொல்லி, தங்குமிடத்துக்குப் போய், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப இங்கே பத்தரை. மதிய விமானத்தில் சீட் இல்லை. கிடைத்தது இரவு விமானம், அங்கே எட்டரைக்கு, இங்கே மாலை ஆறு. திருச்சியில் இறங்கியது இரவு பத்தேகால். குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வர பதினொன்றேகால். ஊருக்கு வந்து சேர்ந்தது இரவு இரண்டு மணி.

மொத்தம் இருபதரை மணி நேரம். செய்தி போய்ச்சேர இரண்டு, லீவும் பாஸ்போர்ட்டும் மூன்று, டிக்கெட்டும் காத்திருப்பும் ஏழரை, விமானம் நான்கேகால், வெளியே வர ஒன்று, சாலை இரண்டே முக்கால். நான் பார்த்துச் சொன்ன எண், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இரவு விமானம்தான் என்று எங்களுக்குத் தெரிந்தபோது மதியம் ஆகியிருந்தது. அப்போது உளுந்தூர்பேட்டைக்கு ஆள் அனுப்பினோம். பெட்டி வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது என்று திரும்பி வந்தான். சித்திரை வெயில். வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் வைக்க முடியாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இளையவன் கொள்ளி வைத்தான். மூத்தவர் அப்போது விமானத்தில் இருந்தார்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போகும்போது அவரோடு நானும் போனேன். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான்தான் நேரம் சொன்னது என்று. 'நீ என்னடா பண்ணுவ, அதுல அப்படித்தான போட்டிருந்துச்சு' என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இந்த மாதிரிக் கணிப்பானை எழுதத் தெரிந்தவன் நான். 800ஆல் வகுத்த எண் அது என்று அந்தத் திண்ணையில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.

என்ன கேட்க வேண்டும்

ஆகவே என் விமரிசனத்தின் சாரம் இது. கணக்கில் தப்பு இல்லை. கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, விடை சொன்ன கேள்வி வேறு. 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று மனிதர்கள் கேட்கும்போது, 'ஆள் எப்போது வாசலில் நிற்பார்' என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு விடை தூரத்தில் இல்லை. அடுத்த விமானம் எப்போது, அதில் இடம் இருக்கிறதா, எத்தனை மணிக்குள் கவுன்ட்டருக்குப் போக வேண்டும், இறங்கியபின் எவ்வளவு சாலை, இந்த நான்கும் தெரிந்தால்தான் விடை. இவற்றில் ஒன்றைக் கூடத் தூரத்தை வைத்துக் கணிக்க முடியாது. கணிக்க முடியாததை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் போட்டிருந்தால் அந்தக் கணிப்பான்களைப் பாராட்டி எழுதியிருப்பேன்.

நேரம் போட்டே ஆக வேண்டும் என்றால், ஒரே எண்ணாகப் போடாமல் வீச்சாகப் போடலாம். 'பறக்கும் நேரம் மட்டும்: 3:45 முதல் 4:30 வரை' என்று. இது பத்து வரி நிரலில் இன்னும் இரண்டு வரி. 'பறக்கும் நேரம் மட்டும்' என்ற அந்த மூன்று சொல் இருந்திருந்தால், அன்றைக்கு நான் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்போதும் ஊரில் என்னிடம் கேட்கிறார்கள். போனை எடுப்பதில்லை. முதலில் அந்தப் பிள்ளையிடமே பேசச் சொல்கிறேன், டிக்கெட் கையில் வந்துவிட்டதா என்று. வரவில்லை என்றால், 'நாளைக்குக் காலையிலதாங்க. இப்பவே பெட்டிக்குச் சொல்லிடுங்க' என்கிறேன். அவர் முன்கூட்டியே வந்துவிட்டால் பெட்டி வாடகைதான் நஷ்டம்.